ஸ்டெடிகேம் ஸ்டாண்டுக்கு எந்த வீல் சரி? லோயர் கேம்ப் சரிவில் எது நிற்கும், எது சாயும்? - முழு விளக்கம்

ஜனவரி 15 அன்று தேனி மாவட்டம் லோயர் கேம்ப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் பிறந்தநாள். 2013-ல் இதே தேதியில் திறக்கப்பட்ட அவரது மணிமண்டபத்தில் பொங்கல் பானைகள் கொதிக்கும், மாலைகள் குவியும், கம்பம், கூடலூர் பக்கத்து விவசாயிகள் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். கூட்டத்துக்கு நடுவே கேமராக்களும் நிற்கும். சேனல் கேமரா, யூடியூப் கேமரா, ஆவணப்படக் குழு என எல்லாம் கலந்துதான் இருக்கும்.

இப்படியான கூட்டத்துக்குள் நடந்துகொண்டே ஆடாமல் படம் எடுக்கத்தான் ஸ்டெடிகேம், கிம்பல் போன்ற ஸ்டெபிலைசர் கருவிகள். அவற்றை வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் எல்லோரும் பார்ப்பது கேமரா எடை, பேட்டரி, மோட்டார். யாரும் அதிகம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஷாட் முடிந்ததும் இதை எங்கே இறக்கி வைப்பது?

ஸ்டெடிகேம் ஆபரேட்டரின் உடம்பில் மாட்டியிருக்கும் வரை அது பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற பத்து நிமிடம்தான் ஆபத்து. அந்த ஸ்டாண்டுக்கு நான்கு வீல் மாட்டினால் வேலை சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். தரை மார்பிளாக இருந்தால் சுலபம்தான். மலையடிவாரத்தில் கதையே வேறு.

ஸ்டாண்ட் எதற்கு?

ஸ்டெடிகேம் என்பது மூன்று பாகம். உடம்பில் மாட்டும் வெஸ்ட், ஸ்பிரிங் வைத்த ஆர்ம், கேமராவும் மானிட்டரும் பேட்டரியும் தொங்கும் ஸ்லெட். அமெரிக்காவின் காரெட் பிரவுன் 1970-களில் உருவாக்கிய கருவி இது. 'பவுண்ட் ஃபார் குளோரி', 'மாரத்தான் மேன்', 'ராக்கி' என 1976-ல் வந்த மூன்று படங்கள் இதை உலகத்துக்குக் காட்டின. சினிமா கேமரா பூட்டிய முழு செட் 20 முதல் 30 கிலோ வரை போகும். அதை நாள் முழுக்க இடுப்பிலும் முதுகிலும் சுமக்க முடியாது. டேக்குக்கு டேக் இறக்கியே ஆக வேண்டும்.

ஸ்லெட்டைத் தரையில் வைக்க முடியாது. அடியில் மானிட்டர், பேட்டரி, நடுவில் நுணுக்கமான பேரிங். அதனால் ஸ்டாண்டின் உச்சியில் டாக்கிங் பிராக்கெட் என்ற கொக்கி மாதிரி ஒரு பிடிமானத்தைப் பொருத்தி அதில் தொங்கவிடுகிறார்கள். பேலன்ஸ் செய்வதும் இதே ஸ்டாண்டில்தான். ஸ்லெட்டைப் படுக்கை வாட்டில் பிடித்து விட்டால் அது செங்குத்தாக வர இரண்டு, மூன்று வினாடி எடுக்க வேண்டும். இதை ட்ராப் டைம் என்பார்கள். ஸ்டாண்ட் சாய்ந்தோ, ஆடிக்கொண்டோ இருந்தால் இந்தக் கணக்கே தப்பாகிவிடும். வீல் உள்ள ஸ்டாண்டில் பிரேக் போடாமல் பேலன்ஸ் பார்த்துவிட்டு, ஷாட்டில் கேமரா ஒரு பக்கம் இழுக்கிறது என்று கருவியைத் திட்டுவது சகஜமாக நடக்கிறது.

ஸ்டாண்டின் உயரமும் முக்கியம். ஆபரேட்டர் குனியாமல், எக்காமல், நடந்து வந்து ஆர்மை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்கேற்ற உயரத்தில் பிராக்கெட் நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு டேக்கிலும் 25 கிலோவை முதுகு தூக்கி இறக்கும். ஸ்டாண்ட் வாங்கும்போது வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு ஒருமுறை மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

மூன்று காலா, ஐந்து காலா?

முதலில் காலைத் தேர்வு செய்துவிட்டு, அப்புறம் வீலைப் பற்றி யோசிப்பது நல்லது. நம் ஊர் யூனிட்களில் அதிகம் புழங்குவது சி ஸ்டாண்ட். மூன்று கால், வீல் கிடையாது. லைட்டுக்கும் கட்டருக்கும் வந்தது, ஸ்டெடிகேமுக்கும் பழகிவிட்டது. அடுத்தது காம்போ ஸ்டாண்ட். கனமான லைட்டுக்கான தடித்த மூன்று கால், வீல் பூட்டியும் கிடைக்கும். மூன்றாவது, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் ஸ்டாண்ட் போல நான்கு அல்லது ஐந்து கால் விரிந்த ரோலிங் ஸ்டாண்ட்.

மூன்று காலுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. எவ்வளவு மேடு பள்ளமான தரையிலும் மூன்றும் தரையைத் தொடும், ஆடாது. நான்கு, ஐந்து கால் என்றால் கல்லும் மண்ணுமான இடத்தில் ஒன்று அந்தரத்தில்தான் நிற்கும். ஆனால் மூன்று கால் சீக்கிரம் சாயும். காரணம், ஸ்டாண்ட் சாய்வது காலின் மேல் அல்ல; இரண்டு காலுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நடுக்கம்பியிலிருந்து ஒவ்வொரு காலும் 45 செ.மீ. நீளம். மூன்று கால் என்றால், நடுவிலிருந்து சாயும் கோடு 22.5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. நான்கு கால் என்றால் சுமார் 32 செ.மீ. ஐந்து கால் என்றால் 36 செ.மீ. அதே நீளக் காலில் இரண்டைக் கூட்டியதும் ஒன்றரை மடங்குக்கும் மேல் பிடிமானம் கூடுகிறது.

இதில் ஸ்டெடிகேமுக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று. லைட்டைப் போல அது ஸ்டாண்டின் நேர் உச்சியில் உட்காருவதில்லை. பிராக்கெட்டில் பக்கவாட்டில் தள்ளித் தொங்குகிறது. 15 செ.மீ. தள்ளித் தொங்குகிறது என்று வையுங்கள். அது இரண்டு காலுக்கு நடுவே உள்ள இடைவெளிப் பக்கம் இருந்தால், 22.5-ல் 15 போய், மிச்சம் வெறும் 7.5 செ.மீ. ஒரு காலுக்கு நேர் மேலே இருந்தால் 15 செ.மீ. கையில் இருக்கும்.

இதைத் தள்ளும் விசையாக மாற்றினால் விஷயம் இன்னும் தெளிவாகும். 25 கிலோ கருவி, 1.2 மீட்டர் உயரத்தில். ஸ்டாண்டின் சொந்த எடையைச் சேர்க்காத தோராயக் கணக்கு இது. காலுக்கு நேரே தொங்கினால், சாய்க்க 3 கிலோ அளவுக்கு ஒரு தள்ளு வேண்டும். இடைவெளியில் தொங்கினால் ஒன்றரை கிலோ போதும். பொங்கல் பானையோடு கடந்து போகிறவரின் முழங்கை இடித்தாலே அது போய்விடும். ஸ்டாண்ட் அதேதான், கருவியும் அதேதான், மாட்டிய திசை மட்டும்தான் வேறு.

அதனால்தான் பழகிய அசிஸ்டென்ட்கள் மாட்டும் முன் குனிந்து காலைப் பார்க்கிறார்கள். 'அண்ணே, கால் திருப்பிக்கிறேன், ஒரு நிமிஷம்' என்று ஒருவர் சொன்னால், ஆபரேட்டர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் காத்திருப்பது நல்லது.

சரிவும் காற்றும் சேர்ந்தால்?

லோயர் கேம்ப் குமுளி மலைச்சாலையின் அடிவாரம். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீர், மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களில் இறங்கி இங்கே மின்சாரமாகிறது. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்குப் பாய்கிறது. கேமராவுக்கு அழகான இடம். ஸ்டாண்டுக்கு அப்படி இல்லை, தட்டையான தரையைத் தேட வேண்டும்.

இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி மலைப்பகுதிச் சாலையின் வழக்கமான சரிவு 5 சதவீதம். வேறு வழியில்லாத இடத்தில் 7 சதவீதம் வரை போகலாம். 7 சதவீதம் என்றால் சுமார் 4 டிகிரி. பார்க்க ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் மேலே சொன்ன மூன்று கால் ஸ்டாண்டில், இடைவெளிப் பக்கம் சரிவை நோக்கித் தொங்கும் கருவி, 3.6 டிகிரியிலேயே சாயும் எல்லைக்கு வந்துவிடுகிறது. ஸ்டாண்டின் எடையும் மணல் மூட்டையும் கொஞ்சம் காப்பாற்றும், அவ்வளவுதான். யாரும் தொட வேண்டாம், அதுவே விழலாம்.

சரிவில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு கால் நேராகக் கீழ்ச்சரிவைப் பார்க்க வேண்டும். கருவி மேட்டுப் பக்கம் தொங்க வேண்டும். மலைச்சாலை வளைவுகளில் வண்டி போகும் ஓரத்தில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாலையை விட்டுக் காட்டுக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதியும் தேவை.

அடுத்தது காற்று. தமிழ்நாட்டின் காற்றாலைக்காரர்கள் சொல்லும் நான்கு கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவை மற்ற மூன்று. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தேனி பக்கம் காற்று எப்படி இருக்கும் என்பதற்கு ஆண்டிபட்டி, கண்டமனூர் வட்டாரத்தில் சுற்றும் காற்றாலைகளே சாட்சி.

மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் ஒரு காற்று வீசுகிறது என்று வையுங்கள். கேமரா, மானிட்டர் எல்லாம் சேர்த்து காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.2 சதுர மீட்டர் என்றால், அதன் மேல் சுமார் 2 கிலோ விசை விழும். நாம் பார்த்த ஒன்றரை கிலோ எல்லையைத் தாண்டிவிட்டது. அடுத்து, நம் ஆட்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. மழைத் தூறலுக்கும் வெயிலுக்கும் அதே ஸ்டாண்டில் குடையைக் கட்டுவது. பரப்பு நான்கு மடங்காகிறது, காற்றின் விசையும் அதே மாதிரி எகிறும். குடைக்கு வேறு ஸ்டாண்ட் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தம்பியைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள்.

மணல் மூட்டை இங்கேதான் கை கொடுக்கிறது. 25 கிலோ கருவிக்கு 10 கிலோ மூட்டை அடியில் போட்டால் சாய்க்கத் தேவையான விசை கணிசமாகக் கூடும். ஆனால் மூட்டை தரையைத் தொடக்கூடாது. தொட்டால் அதன் எடையைத் தரை வாங்கிக்கொள்ளும், ஸ்டாண்டுக்குப் பயன் இல்லை. காலின் மேல் போட்டு அந்தரத்தில் தொங்க வேண்டும். மூட்டை இல்லையென்றால் தண்ணீர் கேன் கட்டுகிறார்கள். அது ஆடும், முழுசாக நிரப்பி இறுக்கிக் கட்டினால் ஒப்பேற்றலாம்.

சரி, வீலுக்கு வருவோம்

வீல் பூட்டினால் என்ன லாபம்? கருவியைக் கழற்றாமல் ஒரு லொகேஷனில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளிப் போகலாம். ஆபரேட்டரின் உடம்பு மிச்சம். அசிஸ்டென்ட் ஒருவரே சமாளிக்கலாம். ஸ்டுடியோவிலும் கல்யாண மண்டபத்திலும் இது பெரிய உதவி.

வீல் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் விட்டம். 4 இன்ச் வீல் 2 செ.மீ. உயரக் கல்லில் மோதினால், அதன் மேல் உள்ள எடையைப் போல 1.3 மடங்கு விசையால் தள்ளினால்தான் ஏறும். 8 இன்ச் வீலுக்கு முக்கால் மடங்கு போதும். சின்ன வீல் கல்லில் முட்டி நின்றுவிடும், மேலே பிடித்துத் தள்ளுகிறவரின் விசை கருவியை முன்னால் கவிழ்க்கும். விபத்துகள் ஓடும்போது நடப்பதைவிட இப்படி திடீரென நிற்கும்போதுதான் அதிகம். எந்த வீலாக இருந்தாலும் கம்பியின் கீழ்ப் பகுதியைப் பிடித்துத் தள்ள வேண்டும். முடிந்தால் இழுக்க வேண்டும். உயரத்தை முழுசாக இறக்கிவிட்டு நகர்த்துவதும் அதே காரணத்துக்காகத்தான்.

மண்டபத்து டைல்ஸ், மார்பிள், சிமெண்ட் தரைக்கு 4, 5 இன்ச் வீல் தாராளம். ரப்பர் அல்லது பாலியூரித்தேன் வீல் சத்தம் போடாது, தரையில் கோடு விழாது. விலை மலிவான நைலான் வீல் கடகடவென்று சத்தம் போடும். ஒவ்வொரு டைல்ஸ் இணைப்பிலும் அந்த அதிர்ச்சி நேராக கேமராவுக்குப் போகும். மண் தரைக்கு 8 இன்ச்சுக்குக் குறைந்து யோசிக்க வேண்டாம். அகலமான டயர் வேண்டும். ஒல்லியான வீல் திராட்சைத் தோட்டத்து ஈர மண்ணில் கத்தி மாதிரி இறங்கும்.

அடுத்து வருவது காற்று டயரா, சாலிட் டயரா என்ற கேள்வி. இதற்கு சினிமா வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' 1980-ல் வந்தது. அதில் சின்னப் பையன் ஹோட்டல் நடைபாதையில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் காட்சிகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கேமரா தரையை ஒட்டிப் போக வேண்டும் என்பதால், காரெட் பிரவுன் ஸ்டெடிகேமோடு ஒரு சக்கர நாற்காலியில் உட்கார, அதைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கருவியும் ஆட்களும் சேர்ந்த எடை டயருக்கு அதிகம். ஒருநாள் டயர் வெடித்து, பெரிய விபத்தாகியிருக்க வேண்டியது தப்பியது. அதற்குப் பிறகுதான் சாலிட் டயர் மாட்டினார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் எடை மட்டும் எதிரி அல்ல, முள்ளும் எதிரி. ஓடைக்கரை, கண்மாய்க்கரை என எங்கே போனாலும் சீமைக்கருவேல முள் கிடக்கும். காற்று டயர் அதிர்ச்சியை நன்றாக வாங்கும், மேடு பள்ளத்தில் அதுதான் மெத்தை. ஆனால் காலை ஆறு மணி ஷூட்டில் பஞ்சர் ஆனால் கூடலூரில் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு டயரில் மட்டும் மெல்லக் காற்று இறங்கினால் இன்னும் மோசம். ஸ்டாண்ட் ஒரு பக்கம் சாய்வது கண்ணுக்கே தெரியாது. இதற்கு நடுவழி, உள்ளே ஃபோம் நிரப்பிய டயர். கொஞ்சம் கனம், காற்று டயர் அளவுக்கு மெத்தென்று இருக்காது, ஆனால் பஞ்சர் என்ற பேச்சே இல்லை. வெளிப்புற வேலை அதிகம் உள்ளவர்களுக்கு இதுதான் பொருத்தம். காற்று டயரே வைத்திருப்பவர்கள் ஒரு கைப்பம்பையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். வீலில் 'இத்தனை கிலோ தாங்கும்' என்று எழுதியிருப்பதை நான்கால் பெருக்கக் கூடாது. மேடு பள்ளத்தில் ஒரு வீல் எப்போதும் சும்மா இருக்கும் என்பதால் மூன்றுக்குத்தான் கணக்கு. கருவி 25, ஸ்டாண்ட் 12, மூட்டை 10, ஆக 47 கிலோ. மூன்றால் வகுத்தால் ஒரு வீலுக்கு 16 கிலோ. கல்லில் மோதும் அதிர்ச்சிக்கு இரட்டிப்பு வைத்துக்கொண்டால், 32 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் வீல் வேண்டும். ஆபீஸ் நாற்காலி வீலை எடுத்துப் பூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை என்றே சொல்ல வேண்டும்.

பிரேக் எல்லா வீலிலும் இருக்க வேண்டும். இரண்டில் மட்டும் பிரேக் உள்ள செட் சமதரைக்கு ஓகே, சரிவில் அது பிரேக் போட்ட பக்கத்தைச் சுற்றித் திரும்பும். பிரேக்கிலும் இரண்டு வகை. ஒன்று வீல் உருளுவதை மட்டும் நிறுத்தும், தலை சுழல்வதை நிறுத்தாது. இன்னொன்று இரண்டையும் பூட்டும். பேலன்ஸ் செய்ய இரண்டாவதுதான் வேண்டும். மழையில் நனைந்த டயரில் பிரேக் கட்டை வழுக்கும், லோயர் கேம்ப் பக்கம் திடீர் தூறல் புதிதல்ல. நல்ல செங்கல் இரண்டை முட்டுக் கொடுப்பதில் எந்த கௌரவக் குறைச்சலும் இல்லை.

இன்னொரு நுட்பம். சுழலும் வீலின் டயர் தரையைத் தொடும் இடம், அது பூட்டியிருக்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்காது. மூன்று, நான்கு செ.மீ. தள்ளி இருக்கும். தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும்போது சில வீல்கள் உள்பக்கமாகத் திரும்பி நிற்கும். 45 செ.மீ. காலை நீங்கள் வாங்கினாலும் தரையில் நிற்பது 41 செ.மீ. கால்தான். நிறுத்தியதும் வீல்கள் வெளியே பார்க்கும்படி ஒரு அசைப்பு அசைத்துவிட்டுப் பிரேக் போட்டால், போன நான்கு செ.மீ. திரும்பக் கிடைக்கும்.

வீல் செட் வாங்கும்போது ஸ்டாண்டுக் காலைக் கையோடு எடுத்துப் போங்கள். கால் வட்டக் குழாயா, சதுரக் குழாயா, அதன் விட்டம் என்ன என்பதற்கு ஏற்றாற்போல் பிடிமானம் மாறும். ஸ்குரூ வைத்துப் பூட்டும் வீல், செருகி நிற்கும் வீல் என்று அதிலும் வகை உண்டு. செருகும் வகையில் ஸ்டாண்டைத் தூக்கினால் வீல் கழன்று விழும் கதை நடக்கும். பூட்டுமுள் இருக்கிறதா என்று பாருங்கள்.

லேத் பட்டறையில் செய்துகொள்ளலாமா?

செய்யலாம். தேனி, கம்பம் பக்கத்துப் பட்டறைகளில் விவசாயக் கருவிகளும் டிராக்டர் டிரெய்லரும் செய்து பழகிய கைகள் இருக்கின்றன. ஒரு ரோலிங் ஸ்டாண்ட் அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. கால் நீளத்தை உங்கள் விருப்பத்துக்கு வைக்கலாம் என்பது பெரிய வசதி. வெல்டிங் மட்டும் கவனம். நடுக்கம்பியும் கால்களும் சேரும் இடத்தில் மூலைத் தகடு வைத்து வெல்டு வைக்கச் சொல்லுங்கள். உச்சியில் பிராக்கெட் உட்காரும் முனை மட்டும் அளவு தப்பக்கூடாது. சினிமா கிரிப் சாமான்களில் 16 மி.மீ. முனையும் அதைவிடப் பெரிய 28 மி.மீ. முனையும் புழக்கத்தில் உள்ளன. 25 கிலோ தொங்கும் இடத்துக்குப் பெரியதுதான் நம்பிக்கை. சின்ன முனையில் பிராக்கெட் மெல்லச் சுற்றிக்கொண்டு, காலுக்கு நேரே நின்ற கருவி இடைவெளிக்குப் போய்விடும். மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கட்டும்.

புது ஸ்டாண்டில் முதலில் கேமராவை மாட்ட வேண்டாம். அதே எடைக்கு அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, ஒரு நாள் விட்டு, நான்கு பக்கமும் தள்ளிப் பாருங்கள்.

கல்யாண வீடியோகிராபருக்கு இதெல்லாம் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. இப்போது கல்யாணத்திலும் காதுகுத்திலும் புழங்குவது ஒற்றைக் கைப்பிடி கிம்பல்தான். டிஜேஐ ஆர்எஸ் 4 மாதிரியான கிம்பல் தாங்கும் எடையே 3 கிலோ, ஆர்எஸ் 4 ப்ரோ என்றால் நாலரை கிலோ. அதோடு வரும் குட்டி மூன்று காலை மேஜையில் விரித்து வைத்தால் போதும். மண்டபத்தில் குழந்தைகள் ஓடுவார்கள் என்றால் மேஜைக்கு நடுவில் வைத்தால் போதும், ஓரத்தில் அல்ல. இதற்குப் போய் வீல் ஸ்டாண்ட் வாங்குவது வீண் செலவு. அந்தக் காசில் அகலக் கால் உள்ள சாதாரண ஸ்டாண்ட் ஒன்றும் மணல் மூட்டை இரண்டும் வாங்கலாம்.

இரண்டு கையால் பிடிக்கும் பெரிய வளைய கிம்பல், சினிமா கேமரா, லென்ஸ், ஃபோகஸ் மோட்டார் என்று பத்து கிலோவைத் தாண்டுகிறவர்கள் யோசிக்கலாம். அதுவும் மண்டப வேலை, ஸ்டுடியோ வேலை அதிகம் என்றால்தான். மாதம் ஒரு முறை வெளியே போகிறவர்கள் ஸ்டாண்டை வாங்காமல் கருவியோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பதே லாபம். எடுக்கும்போது நான்கு பிரேக்கையும் மிதித்துப் பார்த்து, வீலைக் கையால் சுற்றி, நடுக்கம்பியின் காலர் இறுகுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.

வீலே வேண்டாத இடம்

கம்பம் பள்ளத்தாக்கின் சில இடங்களுக்கு எந்த வீலும் சரிவராது. திராட்சைத் தோட்டம் ஒன்று. கொடி ஏறிய பந்தலுக்கு அடியில் தலை குனிந்து போக வேண்டும். ஸ்டாண்டை உயர்த்தினால் கம்பியில் தட்டும், தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் வீல் புதையும். அங்கே வீலைக் கழற்றிவிட்டு, காலுக்கு அடியில் பலகைத் துண்டு போட்டு, சி ஸ்டாண்டைத் தாழ வைப்பதுதான் வழி. கொடிக்காரரிடம் கேட்டு பலகை வாங்கிக்கொள்ளலாம், பெரும்பாலும் தோட்டத்திலேயே கிடக்கும்.

இன்னொன்று மலைப்பாதை. 2018-ல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாதைகள் எப்படி இருக்கும் என்று தெரியும். ஏலக்காய் மூட்டையைச் சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமியின் கதை அது. அந்த மாதிரிப் பாதையில் ஸ்டாண்டும் ஆள் சுமையாகத்தான் போக வேண்டும். அதற்கு, கால் தனியாகக் கழலும் டர்டில் பேஸ் வகை சி ஸ்டாண்ட் வசதி. கால் ஒருவர் தோளில், கம்பி இன்னொருவர் தோளில். மேலே போய்ச் சேர்ந்ததும் மூட்டைக்கு மணல் தேட வேண்டாம், காலிப் பையை மட்டும் கொண்டு போனால் கல்லை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

மணிமண்டப நாளுக்குத் திரும்புவோம். அங்கே கூட்டம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சரிவு. வீல் ஸ்டாண்டைக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போவது யாருக்கும் நல்லதல்ல. 25 கிலோ சாய்ந்தால் உடைவது கேமரா மட்டுமாக இருக்காது, பக்கத்தில் நிற்பது குழந்தையாகவும் இருக்கலாம். சுவரை ஒட்டிய ஒரு மூலையை விடியற்காலையிலேயே பிடித்து, ஸ்டாண்டை அங்கேயே நிறுத்தி, நான்கு பிரேக்கும் போட்டு, மூட்டை தொங்கவிட்டு, ஒருவரை அதோடு நிறுத்த வேண்டும். ஆபரேட்டர் நடந்து போய்ப் படம் எடுத்துவிட்டு அந்த மூலைக்குத் திரும்பி வரட்டும். ஸ்டாண்டோடு நிற்கும் அந்தத் தம்பிக்குச் செல்போன் பார்க்கும் வேலை கொடுக்காதீர்கள்.

வண்டியில் திரும்பும்போது கருவியை ஸ்டாண்டில் விட்டு ஏற்ற வேண்டாம். குமுளி வளைவுகளில் எந்தக் கயிறும் அதைப் பிடிக்காது. கழற்றிப் பெட்டியில் வைத்து, ஸ்டாண்டைத் தனியாகப் படுக்கப் போட்டுக் கட்டுங்கள். அன்று இரவே வீலைக் கழுவித் துடைத்து, பேரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஈர மண் ஒட்டிய பேரிங் ஒரு வாரத்தில் இறுகிவிடும், அடுத்த மண்டபத்தில் ஒரு வீல் மட்டும் திரும்ப மறுக்கும்.